பின்கண்ணாடி இரண்டு விரல்

காலையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்த காவலருக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீனி ஆகாது என்று நேற்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதை நினைவில் வைத்திருந்து, சீனி போடாமல் கொண்டுவந்து, கூடவே இரண்டு உப்பு பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இந்த மாதிரிச் சின்ன உபகாரங்களில்தான் ஆண்டவர் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். இன்ஸ்பெக்டர் வாசுகி அவர்களே, இனி எழுதப்போவதைப் படிக்கும்போது இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை என் கையாலேயே தமிழில் எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். அதுவும் ஓர் உபகாரம். மலாயில் பேச வரும். கோர்வையாக எழுத வராது.

என் பெயர் மரியநாதன். வயது அறுபத்தொன்பது. பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வெல்டராக வேலை செய்தேன். கோத்தா திங்கியில் சொந்த வீடு. மனைவி டொரத்தி. ஒரே மகள் ஜாக்லின் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள்.

டொரத்திக்கு மறதி நோய் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கு அவளுக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை எங்கயும் கொண்டுபோய் விட்டுறாதீங்க" என்றாள். விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் செய்தது எல்லாம் அந்த ஒரு வாக்குக்காகத்தான்.

வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன், 1961-ஆம் வருஷத்து மாடல். செய்த கம்பெனியின் பெயரை இதில் எழுத நான் விரும்பவில்லை. வண்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு காலத்தில் ஏதோ எஸ்டேட் மானேஜர் தாய்நாட்டுக்குத் திரும்பும்போது எங்கள் பங்குக் கோயிலுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். டொரத்திக்கு எட்டு வயதாக இருக்கும்போது, புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கப் போன எஸ்டேட் பிள்ளைகளைப் பாதர் அந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார். அந்த வண்டியில் கடைசி சீட்டு பின்பக்கம் பார்த்திருக்கும். அதில் உட்கார்ந்தால் போகிற இடம் தெரியாது, விட்டுவந்த பாதைதான் தெரியும். வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு, பின்னால் எழும்பும் செம்மண் தூசியைப் பார்த்தபடி போனதைக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் பெயரை மறந்த பிறகும் அதைச் சொன்னாள்.

அதனால்தான் அந்த வண்டியைத் தேடினேன். ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் பின்னால், இரும்புக் குப்பைக்கு நடுவில் கிடந்தது. இரண்டு வெள்ளம் பார்த்திருந்தது. முன்னால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பாதர் புனித கிறிஸ்தோபர் தகட்டை அடித்திருந்த நான்கு ஆணித் துளைகளும் அப்படியே இருந்தன. அதைத் தொட்டுப் பார்த்ததும் அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன்.

இரண்டு வருஷம் அதைச் சீர் செய்தேன். அடித்தட்டு முழுவதும் துருவில் போயிருந்தது. புதிதாகத் தகடு வெட்டி ஒட்டினேன். எஞ்சினைச் செல்வா பார்த்துக்கொண்டான். எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். நல்ல மனசு, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

"அங்கிள், இத ரோட்டுல ஓட்டப் போறீங்களா, ஆத்துல விடப் போறீங்களா? கப்பல் பட்டறை புத்தி இன்னும் போகல லா உங்களுக்கு" என்பான்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவில் முன்னால் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். செல்வா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து ஏர்கான் இதுதான் என்று சிரித்தான்.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே முகநூலில் ஒரு குழு இருக்கிறது. ஜாக்லின்தான் என்னை அதில் சேர்த்துவிட்டாள். ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அப்பா ஓட்டிய வண்டி, கடைசி சீட்டில் தம்பியோடு போட்ட சண்டை என்று தினமும் யாராவது எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டொரத்தியின் கதையை எழுதிப் போட்டேன். நானூறு பேர் பதில் எழுதினார்கள். ஒஹாயோவிலிருந்து ஒரு பெரியவர், பின்கதவுக்குப் போடும் ரப்பர் பட்டை தன்னிடம் ஒன்று புதிதாக இருக்கிறது, அதை உங்கள் மனைவிக்காக அனுப்பி வைக்கிறேன் என்று எழுதினார். காசு வேண்டாம் என்றார். நீங்கள் மேசைமேல் வைத்து, இது ஏன் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று கேட்டீர்களே, அந்தப் பெட்டிதான். அதற்கு வருகிறேன்.

சாயங்காலங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். காலையில் டொரத்தி சாதுவாகத்தான் இருப்பாள். நாலரை மணி ஆனால் வேறு ஆள். செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டுவாள். வீட்டுக்குப் போகணும் என்பாள். இதுதான் வீடு என்றால் அடிப்பாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, யாரோ ஒரு ஆள் என்னை அடைத்து வைத்திருக்கிறான் என்று அழுவாள். அந்த யாரோ நான்தான். என் இடது கையில் நீங்கள் பார்த்த தழும்புகள் அவள் பல். மருந்து கொடுத்தார்கள், அதில் தள்ளாடி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதோடு மருந்தை நிறுத்திவிட்டேன். மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சுவேன். எல்லா நாளும் அந்த ஒரு நாளாகவே இருந்தது.

ஜாக்லின் ஜோகூர் பாருவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பெயர் பதிந்து வைத்தாள். "அப்பா, நீங்களும் விழுந்துட்டா நான் யாரப் பாக்குறது? என்னால ரெண்டு பேரையும் தூக்க முடியாதுப்பா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறு, அம்மா அமைதியாகிவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டேன். சரி என்றாள். ஆக, அவள் அமைதியாக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த வருஷம் ஜனவரியில் வண்டி தயாரானது. நாலரை மணிக்கு, கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், பின்கதவைக் கீழே மடித்து, கடைசி சீட்டில் உட்கார வைத்தேன். முன்னால் வைத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பாள். நடுவில் வைத்தால் கதவைத் திறப்பாள். கடைசி சீட்டில் உள்ளிருந்து திறக்க வழியில்லை. அது ஒன்றுதான் காரணம். அவள் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாதர் வண்டி" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன சரியான வார்த்தை.

புழுக்கமாக இருக்குமே என்று பின்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். அதை வெளியிலிருந்து கைப்பிடியைச் சுழற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்து உள்பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு, சத்தமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொன்னேன். எனக்கு அதற்கு இருபது நிமிஷம் ஆகும். முடிந்தபோது திரும்பிப் பார்த்தேன். டொரத்தி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் தூக்கிப் படுக்க வைத்தேன். காலை வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் சோறு சாப்பிட்டேன், உட்கார்ந்து, சூடாக.

ஜெபத்தின் வல்லமை என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்லின் அம்மாவோடு பின்னால் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் தலை பிளக்கிறது என்று வேலியோரம் வாந்தி எடுத்தாள். மறுநாள் குழுவில் இதைப் பற்றிக் கேட்டேன். சிரிப்புப் படங்களோடு பதில்கள் வந்தன. பின்கண்ணாடியை இறக்கி ஓட்டினால் புகைக்குழாயின் புகை சுழன்று உள்ளே வரும், தெரியாதா, சின்ன வயதில் நாங்களெல்லாம் அப்படித்தான் மயங்கிக் கிடந்தோம், பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று எங்கள் அம்மா சந்தோஷப்படுவாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒஹாயோ பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ரப்பர் பட்டை தபாலில் வந்ததும் உடனே போடுங்கள், கண்ணாடியை முழுக்க மூடுங்கள், புகைக்குழாயைப் பாருங்கள் என்று மூன்று தடவை எழுதினார். செல்வாவும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னான்.

"குழாய் ஒரு இடத்துல ஓட்டையாயிருக்கு அங்கிள். நான் வேற சொல்லணுமா, நீங்களே வெல்டரு. அரைமணி வேலை. ஆன்ட்டிய அதுவரைக்கும் பின்னால ஏத்தாதீங்க."

சரி என்றேன். அன்றைக்குக் கண்ணாடியை முழுவதும் மூடிக்கொண்டு போனேன். ஜெபமாலை முழுக்கச் சொன்னேன். டொரத்தி தூங்கவில்லை. கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு, திறங்க திறங்க என்று கத்தினாள். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் முகத்தில் துப்பிவிட்டு, பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்கம்மாகிட்ட விட்டுருங்கண்ணே என்று அழுதாள். அந்த அழுகையை நீங்கள் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான்காம் நாள் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினேன். விரலை வைத்து அளந்துதான் இறக்கினேன். பதினைந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாள்.

டாக்டர்கள் கொடுக்கிற மருந்தும் ஒருவகை விஷம்தானே, அளவில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு விரல், ஒரு ஜெபமாலை. அதற்கு மேல் போனதில்லை. குழாயை ஒட்டவில்லை. அதற்குள் ரப்பர் பட்டை தபாலில் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்காமல் மாதா படத்துக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்தேன். பெரியவர் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, அளவாகப் பொருந்திவிட்டது, மிக்க நன்றி என்று பதில் எழுதினேன். இதில் நான் செய்த பாவம் அந்தப் பொய். அந்த வாரமே பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இப்போதும் நினைத்தால் மனம் உறுத்துகிறது. அவ்வளவு நல்ல மனிதர்.

டொரத்தி அமைதியானாள். ஜாக்லினுக்கு ஆச்சரியம். ஆனால் கிளினிக்கில் டாக்டர், நோய் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போகிறது என்றார். ஸ்பூனைப் பிடிக்க மறந்தாள். நடை போனது. இந்த நோயே அப்படித்தான் என்று நான் ஜாக்லினுக்கு ஆறுதல் சொன்னேன்.

இரண்டு வீடு தள்ளி ரூபேந்திரன் வீடு. அவனும் மனைவியும் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. அவன் அம்மா பேச்சியம்மாளுக்கு எண்பத்தொரு வயது; அவருக்கும் சாயங்காலமானால் இதே பாடுதான், செத்துப்போன புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டே இருப்பார். ஜூன் மாதம் ரூபேந்திரன் கேட்டுக்கு வெளியே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அங்கிள், உங்களுக்குச் சிரமம் இல்லன்னா எங்கம்மாவையும் ஒரு ரவுண்டு ஏத்திக்கிறீங்களா? ஆன்ட்டி எப்படி அமைதியாயிட்டாங்கன்னு தாமானே பேசுது. நாங்க தூங்கி மூணு மாசமாச்சு அங்கிள்."

அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்கு அந்தக் கறுப்பு தெரியும். எப்படி மறுப்பேன். இருவரையும் கடைசி சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேச்சியம்மாள் டொரத்தியின் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் வேறு மதம். ஆனாலும் நான் அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் தாயே தாயே என்று கூடச் சேர்ந்துகொள்வார். எங்கள் தெருவில் சாயங்காலம் அமைதியானது அப்போதுதான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபமாலை முடிந்து வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தபோது பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. கை இன்னும் டொரத்தியின் கையைப் பிடித்திருந்தது. விரல் விரலாகப் பிரித்தேன். ரூபேந்திரன் ஓடிவந்து என் தோளில் சாய்ந்து அழுதான். சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

"கன்னம் எப்படிச் செவந்து கெடக்கு பாருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி. தூக்கத்துலயே போக எத்தனை பேருக்குக் கொடுத்து வச்சிருக்கு."

ரூபேந்திரன் எனக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்து, நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன் என்றான். வாங்கிக்கொண்டேன். வயதானவர், இதயம் பலவீனம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை மறுக்க விரும்பவில்லை. மறுத்தால் அவன்தானே வேதனைப்படுவான். தாய் எப்படிப் போனாள் என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை.

மறுநாளும் டொரத்தியை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு விரல், ஒரு ஜெபமாலை.

இனி போன சனிக்கிழமை. காலையில் ஜாக்லின் வந்தாள். கையில் காகிதங்கள். இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம், திங்கட்கிழமை காலை கொண்டுவந்து விட வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அம்மா அமைதியாகத்தானே இருக்கிறாள் என்றேன். "அது அமைதி இல்லப்பா. அம்மா உள்ள இல்லவே இல்ல" என்றாள். அழுதுகொண்டே என் கையெழுத்தைக் கேட்டாள். நான் போட்டுக் கொடுத்தேன். அவளோடு சண்டை போடவில்லை. மத்தியானம் அவளே சமைத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

நாலரை மணிக்கு டொரத்தியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன். நடக்க முடியாதவளாகிவிட்டாள், கனமும் இல்லை. அவள் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முக்காடு மாதிரி போட்டுவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது, அழகாக இருந்தது. பின்கண்ணாடியை இறக்கினேன். அன்றைக்கு விரலை வைத்து அளக்கவில்லை.

முதல் ஜெபமாலை முடிந்தது. அவள் தூங்கியிருந்தாள். எப்போதும் திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று முடிவு எதுவும் செய்யவில்லை. இன்னும் ஜெபிக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அடுத்ததைத் தொடங்கினேன். அதில் பாதி தாண்டி, மூன்றாவது தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. தெளிவான குரல். முப்பது வருஷத்துக்கு முன்னால் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

"மரியா, தலை வலிக்குது. அந்தக் கண்ணாடிய ஏத்துங்க."

மூன்று வருஷமாக அவள் என் பெயரைச் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர். என் பெயரைச் சொன்னாள். நான் முன்னால் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை முக்காடு மட்டும் தெரிந்தது. அவள் முகம் பாதையைப் பார்த்திருந்தது. கண்ணாடியை ஏற்ற வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய், கைப்பிடியை நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். ஜெபத்தை நடுவில் நிறுத்துவது எனக்கு வழக்கமில்லை. "வீட்டுக்குத்தான் போறோம்மா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் இன்னொரு தடவை என் பெயரைச் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

மூன்று ஜெபமாலை சொன்னேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜாக்லின் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவள் கன்னத்தின் சிவப்பைப் பார்த்து, புகை விஷமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்ததாகச் சொன்னீர்கள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு என் மேல் கோபம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரூபேந்திரனுக்கு அவன் அம்மாவைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், மெதுவாகச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை ஒஹாயோ பெரியவருக்கே திருப்பி அனுப்ப முடியுமானால் வேறு யாருக்காவது உதவும். புதிது, பிரிக்கவே இல்லை.

டொரத்திக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன். அவளை எங்கும் கொண்டுபோய் விடவில்லை. கடைசிவரை கூடவே இருந்தேன், அதே வண்டியில், அதே காற்றில். ஜாக்லின் நேற்று உங்கள் முன்னால் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அப்பா, உங்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன், அவளிடம் காட்டுங்கள். என் பக்கத்து முக்கோணக் கண்ணாடியை எல்லா நாளும் முகத்துக்கு நேரே திருப்பி வைத்திருப்பேன், மகளே. ஜெபிக்கும்போது எனக்குத் தூக்கம் வந்துவிடக் கூடாது அல்லவா.